இருநூற்று நாற்பது குட்டிக் கிளாசுகள்

1

இங்கிலாந்துக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரி லேப்பில் வேலை, சொந்த வீடு, மழைக்கு மூன்று விதமான கோட்டு. இத்தனை இருந்தும் என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது போன வருஷம்தான். எங்கள் சபையின் வாராந்திரத் தாளில், கடைசிப் பக்கத்தில், யோகா வகுப்பு விளம்பரத்துக்கு மேலே வந்தது: "சமையலறைப் பொறுப்பாளர் திரு. சாமுவேல். கோப்பைகள் கழுவும் அவருடைய அன்பான பணிக்கு நன்றி."

சிரிக்காதீர்கள். இதற்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது.

டவுனின் நட்டநடுவில் இருக்கும் இந்தச் சபை ஓர் ஐக்கிய சபை. முன்பு இரண்டாக இருந்தது. ஆற்றுப் பாலத்தருகே ஒன்று, சந்தைத் தெருவில் ஒன்று. இரண்டும் புராட்டஸ்டண்ட், இரண்டிலும் அதே பைபிள், அதே மழை. ஆனாலும் பல தலைமுறையாக ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. கடைசியில் ஆள் குறைந்து, கூரை ஒழுகி, ஒரே சமயத்தில் இரண்டு கூரையை மாற்ற முடியாது என்று தெரிந்த அன்று பரிசுத்த ஆவியானவர் அவர்களை ஒன்றாக்கினார். பாலத்துக் கோயில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். ஜனங்கள் அங்கே ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் போகிறார்கள்.

சபை ஒன்றானது, டீ கோப்பைகள் ஒன்றாகவில்லை. பாலத்துக்காரர்களுடையது பச்சைக் கரை போட்டது, சந்தைக்காரர்களுடையது வெறும் வெள்ளை. இரண்டு அலமாரி, இரண்டு சாவி. பச்சைக் கோப்பைகளுக்குக் காவல் மார்கரெட் என்கிற எண்பத்து நாலு வயசு அம்மாள். தங்கமானவர். வெள்ளைக் கோப்பையில் டீ கொடுத்தால் புன்னகையோடு வாங்கிக்கொள்வார், நன்றி சொல்வார், குடிக்க மாட்டார். எந்தக் கட்சியிலும் சேராத ஒரே ஆள் நான் என்பதால், இரண்டு சாவியும் என் கைக்கு வந்தது.

இரண்டு அலமாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். ஏழு பக்கப் படிவம் கொடுத்தார்கள். "அலமாரி விழுந்தால் யார் யாருக்குக் காயம் ஏற்படக்கூடும்?" என்று ஒரு கேள்வி. "கீழே நிற்பவர்களுக்கு" என்று எழுதினேன். தெளிவு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலமாரிகள் இன்னும் எதிரும் புதிருமாகத்தான் நிற்கின்றன.

2

ஊரில் எங்கள் திண்டிவனம் சபையும் டவுனுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதுவும் ஐக்கிய சபைதான். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். சொன்னால் கமிட்டி கூடும். கூடினால் கலையாது.

போன வருஷம் ஞானராஜ் சாரிடமிருந்து போன் வந்தது. அவர் ரிட்டயர்டு தலைமையாசிரியர், சபையின் செயலாளர். நல்ல மனுஷர், யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

"தம்பி, நம்ம சபை ஒண்ணா சேர்ந்து அம்பது வருஷம் ஆவுது. பேராயரே வர்றாரு. மலர் போடறோம். சபை வரலாறு நீங்கதான் எழுதணும். ஃபாரின்ல இருந்து எழுதுனா ஒரு கௌரவம்."

"எவ்ளோ சார் எழுதணும்?"

"நாலு பக்கம். யாரு மனசும் நோகக் கூடாது."

அன்று சாயங்காலமே அம்மாவிடம் போனில் சொன்னேன். அந்தப் பேச்சு வாக்கில், என் பெயர் இங்கே சபைத் தாளில் வந்த கதையையும் தமாஷாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"கப்பு கழுவுனதுக்கா பேரு போட்டாங்க?"

"ஆமாம்மா. வாரா வாரம் போடறாங்க."

"எத்தினி கப்பு?"

"இருவத்தேழு இருக்கும்."

இருவத்தேழா என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப நீ எழுதறதுதான் எழுதற," என்றாள். "கிளாஸு கழுவுனது எஸ்தருன்னு ஒரு வரி எழுதுடா. சால்வை வேணாம், மேடை வேணாம். ஒரு வரி போதும்."

எழுபத்தைந்து வயசு வரை அம்மா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வாஷிங் மெஷின் வாங்கித் தந்தபோதுகூட "எதுக்குடா தண்டத்துக்கு" என்றவள். அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு வரிதான்.

3

அந்த வரியின் விலை உங்களுக்குத் தெரிய வேண்டுமானால், மலரில் வராத வரலாற்றை நான் இங்கே சொல்லியாக வேண்டும்.

திண்டிவனத்தில் முன்பு இரண்டு கோயில். ஒரு மிஷன் கட்டியது கல் கோயில், டவுனுக்குள். வாத்தியார்கள், கிளார்க்குகள், அவர்களுடைய மாமன் மச்சான்கள். இன்னொரு மிஷன் கட்டியது ஓட்டுக் கோயில், காலனிக்குப் பக்கத்தில். கூலிக்குப் போகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள். என் அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினார். அம்மா முகையூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரண்டு கோயிலுக்கும் உள்ள வேறுபாடு மிஷன் வேறுபாடு என்று சொல்வது வழக்கம். சாதி என்கிற சொல்லை எங்கள் சபையில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள். 'பாரம்பரியம்' என்பார்கள்.

மேலே தலைவர்கள் கைகுலுக்கி ஒன்றாகிப் பல வருஷம் கழித்து, எங்கள் ஊரிலும் ஒன்றாகத்தான் வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஓட்டுக் கோயிலைப் பூட்டினார்கள். எல்லோரும் கல் கோயிலுக்கு வந்தோம். முன் வரிசைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன, இன்றுவரை நிரம்பித்தான் இருக்கின்றன.

அதுவரை கல் கோயிலில் திருவிருந்து ஒரே பாத்திரத்தில்தான். ஆயர் ஒரு பெரிய வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சை ரசம் எடுத்து வருவார். முழங்காலில் நிற்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதில் வாய் வைத்துக் குடிப்பார்கள். நாங்கள் வந்து பின்னால் உட்கார்ந்த அதே மாதம், கல் கோயில்காரர்களுக்குக் கிருமிகளைப் பற்றிய ஞானம் பிறந்தது. கமிட்டி கூடியது. 'சுகாதாரம் கருதி' ஆளுக்கொரு குட்டிக் கிளாஸ் என்று தீர்மானம் போட்டார்கள். மெட்ராசிலிருந்து இருநூற்று நாற்பது கிளாசு வந்தது, கட்டைவிரல் அளவுக்கு. பஸ் ஸ்டாண்டில் ஒரே சோடா பாட்டிலை நாலு பேர் மாற்றி மாற்றிக் குடித்தவர்கள்தான் இவர்கள். அந்தக் கிருமிகள் பஸ் ஸ்டாண்டில் கடிக்காது போல.

சரி, கிளாசை யார் கழுவுவது? இரண்டு தரப்பும் மாதம் ஒரு முறையாக மாற்றி மாற்றி என்று அதற்கும் தீர்மானம். முதல் மாதம் கல் கோயில் முறை. யாரும் வரவில்லை. புதுசாகக் கல்யாணமாகி வந்திருந்த அம்மா, அசிங்கமாகக் கிடக்கிறதே என்று கழுவி வைத்தாள். ரெண்டாம் மாதம் எங்கள் முறை, அதனால் கழுவினாள். மூன்றாம் மாதத்திலிருந்து யார் முறை என்று யாரும் கேட்கவே இல்லை.

அந்தக் கிளாசுக்குள் விரல் போகாது. துடைப்பக் குச்சியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, வெந்நீரில் நனைத்து ஒவ்வொன்றாகத் திருகித் திருகிக் கழுவுவாள். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். ஒரு பொட்டு கறை தெரிந்தாலும் திரும்பவும் தொட்டிக்குள் போடுவாள். முதலில் எல்லாம் ஆராதனை முடிந்த கையோடு கழுவினாள். முட்டி தேய்ந்த பிறகு, அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை ஒரே நடையாகப் போய்க் கழுவினாள். அதுவரை கிளாசுகள் அப்படியே பெட்டிக்குள் கிடக்கும்.

எங்கள் வாய் பட்ட பாத்திரம் வேண்டாம் என்று கிளாசு வாங்கியவர்களுக்கு, அந்தக் கிளாசு அத்தனையும் எங்கள் கை பட்டுத்தான் வருகிறது என்பது ஐம்பது வருஷமாக உறைக்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

4

முதல் பிரதியை அனுப்பினேன். "கல் கோயிலும் ஓட்டுக் கோயிலும் ஒன்றாயின" என்று ஆரம்பித்திருந்தேன். ஓட்டுக் கோயில் தரப்பிலிருந்து ஆட்சேபணை: அதெப்படிக் கல் முதலில் வரும்? மாற்றினேன். கல் கோயில் தரப்பிலிருந்து ஆட்சேபணை. "இரு திருச்சபைகள்" என்று போட்டேன். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று படிப்பவருக்கு விளங்காது. ஆனால் யார் மனசும் நோகாது.

பிறகு அந்த ஒரு வரி. "இக்கிண்ணங்களை ஐம்பது ஆண்டுகளாகக் கழுவிப் பேணி வருபவர் திருமதி எஸ்தர்." ஞானராஜ் சார் போன் பண்ணினார்.

"தம்பி, அந்த வரி மட்டும் எடுத்துருவோமா?"

"ஏன் சார்?"

"அவங்க பேரைப் போட்டா மணி அடிச்சவரு, பாய் விரிச்சவரு, எல்லாரு பேரும் போடணும். மலரு டெலிபோன் டைரக்டரி ஆயிடும். அதுவும் இல்லாம, உங்க அம்மா. நீங்களே எழுதுனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த மலரில் வாழ்த்துச் செய்திகள் மட்டும் நாற்பது பக்கம். முட்டைக் கடை முதலாளிக்கு முழுப் பக்கம், கூலிங் கிளாஸ் போட்ட படத்தோடு. அதைக் கேட்டிருக்கலாம். மணி அடித்தவர் பெயரையும் போடுங்களேன், என்ன கெட்டுவிட்டது என்று கேட்டிருக்கலாம். ஐயாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிற எனக்கு யாரிடம் என்ன பயம்? ஆனால் அவர் 'தம்பி' என்றதும் என் முதுகு தானாக வளைந்தது. "சரிங்க சார்" என்றேன். வெட்கக்கேடு.

அதைவிடப் பெரிய வெட்கக்கேடு, அம்மா கேட்டபோது "போட்டாச்சும்மா" என்றேன். திருவிழாவுக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு.

மலர் விழுப்புரத்தில் ஒரு பிரஸ்ஸில் அச்சானது. திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கட்டுக் கட்டாக வந்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டார்கள். எனக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார்கள். என் பதினாறு வயசு மகள் ஜெனி எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கோயிலுக்கு அவள் வருவதே அங்கே கொடுக்கிற பிஸ்கட்டுக்காக. ஆனால் ஆயா, அதாவது என் அம்மா, என்றால் உயிர்.

"அப்பா, ஆயா பேர் எங்கே?"

"இதுல வராது."

"ஏன்?"

கிளாசுகளின் கதையை அவளிடம் எப்போதும் சுகாதாரம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அன்று முழுசாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அது ஹைஜீன் இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். பதினாறு வருஷம் அவளிடம் நான் சொன்ன பொய்யும் அதே சுகாதாரப் பொய்தான் என்பது அப்போது எனக்கே உறைத்தது.

உடனே அம்மாவுக்குப் போன் பண்ணினேன். பக்கத்து வீட்டுப் பெண் மலரை அவளுக்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துக் காட்டியிருந்தாள், முட்டைக் கடை உட்பட. அம்மா திட்டவில்லை, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவும் இல்லை.

"முட்டி வலிக்குதுடா. அப்பறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

5

ஞாயிற்றுக்கிழமை. ஊரில் அன்று காலை ஆராதனை கிடையாது. மாலை நாலு மணிக்குத் திருநாள் ஆராதனை. இங்கே காலை பதினொன்றரை. எங்கள் சபையில் டீ முடிந்து, நான் சமையலறையில் பச்சைக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, ஜன்னல் ஓரம் போனைச் சாய்த்து வைத்து நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனி துடைத்து அடுக்கினாள். மார்கரெட் தன் கோப்பைகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வந்தவர், அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆராதனை இருபது நிமிஷம் தாமதமாக ஆரம்பித்தது. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிளாசுப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே போன மாதத்துத் திராட்சை ரசம் காய்ந்து பிசுக்காகி, இருநூற்று நாற்பது கிளாசிலும் எறும்பு. யாரும் கழுவவில்லை. இது உங்க முறை என்று இவர்கள், இல்லை உங்க முறை என்று அவர்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தீர்மானத்தை நோட்டைப் புரட்டித் தேடியிருக்கிறார்கள். ஒருத்தர் ஜல்தியாகக் கழுவிடலாம் என்று ஒரு கிளாசை எடுத்திருக்கிறார், விரல் உள்ளே போகவில்லை. இன்னொருத்தர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர் கப் வாங்கி வரலாம் என்று கிளம்பியிருக்கிறார். பேராயர் தடுத்துவிட்டார். "பெரிய கிண்ணம் இருக்குதுல்ல? அதுல கொடுப்போம். ஒரே பாத்திரம்தானே நம்ம ஐக்கியம்?" அவர் வெளியூர்க்காரர், பாவம்.

பிரசங்கம் ஒற்றுமையைப் பற்றி. ஆறு கோப்பை கழுவும் நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தவன், பிரசங்கத்தின் நீளத்தில் இருபத்தேழையும் கழுவி முடித்தேன். பிறகு பேராயர் வெள்ளிக் கிண்ணத்தை உயர்த்தி, "வாருங்கள்" என்று அழைத்தார்.

முன் வரிசை அசையவில்லை. முதலில் எழுந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான், அதுதான் வழக்கம். இன்றைக்கும் அவர்கள் முதலில் எழுந்து முதலில் குடித்திருந்தால் ஒரு பேச்சும் இல்லை. ஆனால் கிருமிகளை ஐம்பது வருஷம் நம்பியவர்களுக்குக் கால் எழவில்லை. ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். நாலைந்து பேருக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்தது. பேராயர் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். கேமராக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியைக் காட்டினார்.

கேமரா கீழே இறங்கியபோது நடுப்பாதையில் ஒரு ஆள் வந்துகொண்டிருப்பது தெரிந்தது. வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு.

"ஆயா!" என்று கத்தினாள் ஜெனி.

அம்மா நொண்டவில்லை. பின் வரிசையிலிருந்து முன்னால் வரை நேராக நடந்து வந்தாள். முழங்காலில் நின்றாள். கிண்ணத்தில் வாய் வைத்து, அவசரமில்லாமல் குடித்தாள். பேராயர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தார்.

செயலாளர்தான் சபைக்கு முன்மாதிரி. முன் வரிசையில் இருந்த ஞானராஜ் சார் பேராயரைப் பார்த்தார், ஆயரைப் பார்த்தார், கடைசியில் கேமராவைப் பார்த்தார். துபாயிலும் டொராண்டோவிலும் இருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எழுந்தார். வந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி ஒரு மடக்கு குடித்தார்.

அதன் பிறகு வரிசை தானாக நகர்ந்தது. ஏழெட்டுப் பேர் கடைசிவரை இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

மார்கரெட் என்ன நடந்தது என்று கேட்டார். ஜெனி அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள், ஹைஜீனிலிருந்து ஆரம்பித்து. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து போய், வெள்ளை அலமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, "இன்னொரு டீ போடுவாயா?" என்றார். போட்டேன். குடித்தார். பாதிதான் குடித்தார், அது வேறு விஷயம்.

6

மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பார்த்தேன்மா."

"இன்னாத்த பார்த்த? மூஞ்சியவா, முதுகையா?"

"ரெண்டும்தான். அம்மா, அந்த வரி... நான் பொய் சொல்லிட்டேன். சண்டை போட்டிருக்கணும். போடல."

"தெரியும்டா. உங்க அப்பாவும் அப்டித்தான். மண்டிக்காரன் தம்பின்னு கூப்ட்டா ரெண்டு மூட்டைய சேத்துத் தூக்குவாரு." அவள் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"முட்டி இப்ப எப்டி இருக்கு?"

"முட்டிக்கு இன்னா கேடு?"

"சனிக்கிழமை வலின்னுதானே கிளாஸு கழுவப் போவல?"

"சனிக்கிழமையா? கூட்டேரிப்பட்டுக்கு உங்க சித்தி வூட்டுக்குப் போயிட்டு வந்தேன். பஸ்ஸுல ஒரே கும்பலு. போறப்பவும் நின்னுக்கினே போனேன், வர்றப்பவும் நின்னுக்கினே வந்தேன்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். இருமினாள். முன் வரிசை இருமல் போலவேதான் இருந்தது.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

"காலையில ஞானராஜ் சாரு போன் பண்ணாரு," என்றாள். "ஒரே பேஜாரா இருக்குதாம் அவருக்கு. வர்ற மாசத்துக்கு மறுபடியும் கிளாஸுதான் வைக்கணும்னு சில பேரு ஒத்தக் கால்ல நிக்கறாங்களாம். கழுவறதுக்கு ஆளு இல்லையாம். எப்டிக் கழுவறது, எத்தினி தண்ணி, அந்தக் குச்சி எங்க இருக்குன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நம்ம சபையோட வரலாறு மொத்தமும் மலர்ல போட்டிருக்கீங்களே சார், அதுலயே இருக்கும் பாருங்கன்னேன்."